தலைவர் சொல்வது ஒன்று, டீமுக்குப் போய்ச் சேர்வது வேறொன்று: கோச்சிங்கை எங்கே தொடங்குவது?

பயிற்சிப்பிரிவு மதி:

அனைவருக்கும் வணக்கம். சுமார் 240 பேர் வேலை செய்யும் நிறுவனம். ஒரு பிசினஸ் ஹெட், அவருக்குக் கீழே ஏழு துறைத் தலைவர்கள். இந்த எட்டுப் பேருக்கும் நான்கு மாத கோச்சிங் ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. தலைப்பு: தகவல் பரிமாற்றத்தை மேம்படுத்துவது.

சிக்கல் இதுதான். திங்கட்கிழமை மீட்டிங்கில் எடுத்த முடிவு, புதன்கிழமைக்குள் மூன்று விதமாகக் கீழே இறங்கிவிடுகிறது. மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். வெளியே வந்ததும் இரண்டிரண்டு பேராக நின்று "இது நடக்கிற காரியமா?" என்று பேசிக்கொள்கிறார்கள். கெட்ட செய்தி கடைசி நாளில்தான் மேலே போகிறது. ஹெட்டிடம் கேட்டால், "நான் தெளிவாகத்தானே சொன்னேன்" என்கிறார்.

முன்பு இரண்டு நாள் பிரசென்டேஷன் பயிற்சி நடந்தது. ஸ்லைடுகள் மெருகேறின, மேலே சொன்ன எதுவும் மாறவில்லை. "சொற்களுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதியெல்லாம் குரலும் உடல்மொழியும்" என்று அதில் சொல்லிக்கொடுத்ததை இன்னும் பலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் ஹெட்டா, டீமா? ஒரு செஷனில் உண்மையில் என்ன நடக்க வேண்டும்? மாறியதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? இந்த மூன்றுக்கும் அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கோச் இளவேனில்:

மதி மேடம், நீங்கள் எழுதியதில் பேசத் தெரியாத குறை எதுவும் தென்படவில்லை. சொன்னது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சேரவில்லை என்று தெரிந்தவருக்கும் அதைச் சொல்லத் துணிவு வருவதில்லை. கோச்சிங் முழுவதையும் இந்த இரண்டின் மேல் கட்டுங்கள். குரல் ஏற்ற இறக்கம், கை அசைவு என்று மறுபடி தொடங்கினால் நான்கு மாதமும் வீண்.

முதல் இரண்டு வாரம் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கோச் மூன்று மீட்டிங்கில் சும்மா உட்காரட்டும்: வாராந்திர மீட்டிங் ஒன்று, அவசரப் பிரச்சினை பேசும் மீட்டிங் ஒன்று, ஹெட்டும் ஒரு துறைத் தலைவரும் தனியாகப் பேசுவது ஒன்று. கையில் ஒரு தாள் போதும். யார் எத்தனை முறை பேசினார்கள், யார் பேச்சு நடுவில் வெட்டப்பட்டது, ஹெட் எத்தனை கேள்வி கேட்டார், அதில் 'ஆமாம், இல்லை' என்று முடியாத கேள்விகள் எத்தனை, கேட்டபின் எத்தனை விநாடி காத்திருந்தார், பெயரும் தேதியும் சேர்த்துச் சொல்லப்பட்ட முடிவுகள் எத்தனை. இவற்றுக்குக் கோடு போட்டாலே போதும், கருத்து எழுத வேண்டாம்.

மீட்டிங் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், கலந்துகொண்ட ஒவ்வொருவரும் தனித்தனியாக மூன்று கேள்விக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்:

1. இன்று முடிவானது என்ன?
2. அதில் நீங்கள் செய்ய வேண்டியது என்ன, எந்தத் தேதிக்குள்?
3. மனதில் இருந்தும் நீங்கள் சொல்லாமல் விட்டது என்ன?

ஹெட்டும் எழுத வேண்டும். முதல் இரண்டு கேள்விக்கான பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எட்டுத் தாளில் எத்தனை ஒத்துப்போகின்றன என்பதுதான் உங்கள் ஆரம்ப அளவு. "நான் தெளிவாகத்தானே சொன்னேன்" என்பவரிடம் வாதாடத் தேவையில்லை, அந்தத் தாள்களை முன்னால் வைத்தால் போதும். மூன்றாவது கேள்வியின் பதில் மட்டும் கோச்சிடமே இருக்க வேண்டும். பெயரோடு வெளியே போனால் அடுத்த முறை எல்லோரும் 'ஒன்றுமில்லை' என்றுதான் எழுதுவார்கள்.

தெளிவாகச் சொன்னதாக அவர் நம்புவது நடிப்பல்ல என்பதையும் கோச் புரிந்துகொள்ள வேண்டும். 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்டத்துக்காக ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டில் ஒன்றையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் கணித்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவருக்கு உள்ளே மெட்டும் வரிகளும் சேர்ந்து ஓடுகின்றன, எதிரே இருப்பவருக்குத் தட்டும் சத்தம் மட்டும்தான். ஆறு மாதமாக ஒரு திட்டத்தை யோசித்துவிட்டு ஆறு நிமிடத்தில் சொல்லும் தலைவர் அந்தத் தட்டுபவரின் இடத்தில்தான் இருக்கிறார். முதல் செஷனில் இதை அவருக்கே செய்து காட்டலாம், பத்து நிமிடம் ஆகும்.

பிறகு ஒப்பந்தம். ஹெட், அவருக்கு மேலே உள்ளவர், கோச் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். குறிக்கோள் ஒன்று அல்லது இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். "தொடர்புத் திறனை வளர்ப்பது" என்று எழுதினால் அதை யாராலும் சோதிக்க முடியாது. "ஒவ்வொரு மீட்டிங் முடிவிலும், முடிவைப் பொறுப்பாளர் தன் வாயால் திரும்பச் சொன்ன பிறகே கலைவது" என்று எழுதினால், நடந்ததா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கோச் உங்களுக்கு அறிவிப்பது எவை என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள். குறிக்கோள், செஷன் நடந்த தேதிகள், அளவீட்டு முடிவு ஆகியவை மட்டும். செஷனுக்குள் பேசியது வெளியே வராது.

செஷன்: இரண்டு வாரத்துக்கு ஒன்று, 60 நிமிடம், மொத்தம் எட்டு. முதல் 10 நிமிடம் போன முறை ஒப்புக்கொண்டது நடந்ததா என்று பார்ப்பது. அடுத்த 15 நிமிடம் நிஜமாக நடந்த ஒரு உரையாடலை எடுத்து, யார் என்ன சொன்னார் என்று வரிவரியாகப் பிரிப்பது. அடுத்த 25 நிமிடம் இந்த வாரம் வரப்போகும் உரையாடல் ஒன்றை வாய்விட்டு ஒத்திகை பார்ப்பது. கடைசி 10 நிமிடம், எந்த மீட்டிங்கில், யாரிடம், எந்த வாக்கியம் என்று முடிவு செய்வது. ஒத்திகையைத்தான் பல கோச்சுகள் விட்டுவிடுகிறார்கள். "அவரிடம் பொறுமையாகப் பேசுவேன்" என்று சொல்வது எளிது. பேசிக் காட்டச் சொன்னால்தான் மூன்றாவது வாக்கியத்திலேயே பழைய அதட்டல் எட்டிப்பார்ப்பது தெரியும். அங்கேயே நிறுத்தி, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மூன்று நான்கு முறை மாற்றிப் பேச வைக்க வேண்டும்.

இரண்டு செஷனுக்கு நடுவே ஒரு நிஜ மீட்டிங்கைக் கோச் பார்த்து, 24 மணி நேரத்துக்குள் ஃபீட்பேக் சொல்ல வேண்டும். சூழ்நிலை, கண்ணால் பார்த்த செயல், அதன் விளைவு என்ற வரிசையில். "நீங்கள் யாரையும் பேச விடுவதில்லை" என்றால் சண்டைதான் வரும். "பட்ஜெட் பேசும்போது, கொள்முதல் தலைவர் இரண்டாவது வாக்கியத்தில் இருந்தபோது நீங்கள் பதில் சொன்னீர்கள். அதன்பின் மீட்டிங் முடியும்வரை அவர் பேசவில்லை" என்றால் மறுக்க ஒன்றுமில்லை.

தலைவரிடம் மாற வேண்டியவை. என் கணிப்பில் உங்கள் ஹெட்டுக்கு இவற்றில் இரண்டு போதும். எந்த இரண்டு என்பதைத் தாள்களைப் பார்த்த பிறகு அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

கடைசியில் பேசுவது: தலைவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் மற்ற ஏழு பேரும் அதைச் சுற்றியே பேசுவார்கள். பிரச்சினையை முன்வைத்துவிட்டு, தன் கருத்தைக் கடைசி வரை அடக்கி வைக்க வேண்டும். கருத்தைக் கேள்விபோல மாற்றிக் கேட்பதும் முதலில் பேசுவதுதான். "வெண்டரை மாற்றினால் சரியாகிவிடாதா?" என்பதில் விடை ஏற்கெனவே இருக்கிறது.

காத்திருப்பது: வகுப்பறைகளில் மேரி பட் ரோ செய்த ஆய்வுகளில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தது தெரியவந்தது. அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீளமாயின, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். பதவி வித்தியாசம் உள்ள மீட்டிங் அறையில் 5 விநாடி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மனதுக்குள் எண்ணிப் பழக வேண்டும். முதல் சில தடவை அந்த மௌனம் தாங்கவே முடியாது, தலைவரே அதை உடைத்துவிடுவார். ஒத்திகையில் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

வாய்விட்டு யோசிப்பதற்குப் பெயர் வைப்பது: இதைத்தான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். மேலிருப்பவர் "அந்த ரிப்போர்ட்டை வேறு மாதிரி பண்ணினால் எப்படி இருக்கும்?" என்று சும்மா சொன்னால், கீழே இருவர் ராத்திரி உட்கார்ந்து அதைத் திருத்துவார்கள். ஒரே முடிவு மூன்று விதமாக இறங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அவர் சொன்ன மூன்றில் ஒன்றுதான் முடிவு, மற்ற இரண்டும் யோசனை. கேட்டவர்களுக்குப் பிரித்துப் பார்க்க வழியில்லை. ஆகவே பேசும்போதே சொல்லிவிட வேண்டும்: "இது என் யோசனை மட்டும், செய்ய வேண்டாம்", "இது என் பரிந்துரை, காரணம் இருந்தால் மறுக்கலாம்", "இது முடிவு". மூன்றே அடைமொழிகள். இரண்டு வாரத்தில் துறைத் தலைவர்களே "சார், இது யோசனையா, முடிவா?" என்று கேட்கத் தொடங்குவார்கள். அப்படிக் கேட்டால் கோச்சிங் வேலை செய்கிறது.

திரும்பச் சொல்லச் சொல்வது: "புரிந்ததா?" என்ற கேள்விக்கு எல்லோரும் 'புரிந்தது' என்றுதான் சொல்வார்கள், அதை விட்டுவிடுங்கள். "புரிந்ததைச் சொல்லுங்கள் பார்ப்போம்" என்றால் பரீட்சை வைப்பதுபோல் ஆகிவிடும். "நான் ஏதாவது விட்டிருக்கலாம். உங்கள் டீமிடம் இதை எப்படிச் சொல்லப் போகிறீர்கள்?" என்று கேட்டால் பொறுப்பு பதில் சொல்பவர் மேல் விழாது. கீழே இறங்கப்போகும் வடிவமும் அப்போதே தெரிந்துவிடும்.

---

குழுநெறியாளர் பரிதி:

இளவேனில் சொன்னதோடு உடன்படுகிறேன், ஒரு இடம் தவிர. ஹெட்டைச் சரிசெய்தால் டீம் தானாகப் பேசும் என்ற தொனி அதில் இருக்கிறது. அப்படி நடப்பதில்லை. பல வருடம் தலையாட்டிப் பழகிய ஏழு பேர், தலைவர் ஐந்து விநாடி காத்திருந்தால் ஐந்து விநாடியும் மேசையைத்தான் பார்ப்பார்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். ஹெட்டுக்குத் தனிச் செஷன், டீமுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை 90 நிமிடம்.

ஏன் பேசுவதில்லை என்பதற்குப் பயம் மட்டுமே காரணமல்ல. 1985இல் ஸ்டாஸரும் டைட்டஸும் செய்த ஆய்வில், குழுக்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த தகவலையே திரும்பத் திரும்பப் பேசின. ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல், அதுவே சரியான முடிவுக்குத் திறவுகோலாக இருந்தாலும், மேசைக்கே வராமல் போனது. அங்கே முதலாளி தொழிலாளி என்ற பிரிவு கூடக் கிடையாது. அதனால் "மனம் திறந்து பேசுங்கள்" என்ற வேண்டுகோள் போதாது, மீட்டிங்கின் அமைப்பையே மாற்ற வேண்டும்.

நான் பரிந்துரைப்பது:

முக்கியமான முடிவு ஒவ்வொன்றுக்கும் முன் 5 நிமிடம் எல்லோரும் அமைதியாக எழுதுவது. "இதில் உங்கள் துறைக்கு மட்டும் தெரிந்தது என்ன?" என்பதே கேள்வி. பிறகு பதவியில் இளையவரிலிருந்து தொடங்கி ஒருவர் பின் ஒருவராகப் படிப்பது. படித்து முடியும்வரை யாரும் பதில் சொல்லக்கூடாது.

முடிவெடுத்த பிறகு, கலைவதற்கு முன், 10 நிமிடம் தலைகீழாக யோசிப்பது: "ஆறு மாதம் கழிந்துவிட்டது, இது படுதோல்வி. ஏன் தோற்றது என்று எழுதுங்கள்." கேரி க்ளைன் வகுத்த முறை இது. "ஏதாவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டால் எதிர்த்துப் பேசியவர் என்ற பெயர் வரும். தோல்வியை முன்னமே உண்மையென்று வைத்துக்கொண்டால், குறை சொல்வதே அந்த நேரத்தின் வேலையாகிவிடுகிறது. வெளியே நின்று "இது நடக்கிற காரியமா" என்று பேசுபவர்களை உள்ளே பேச வைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

முடிவுப் பதிவேடு. ஐந்தே கட்டம்: முடிவு என்ன, ஏன், பொறுப்பு யார் (ஒரே பெயர்), எந்தத் தேதிக்குள், எப்போது மறுபரிசீலனை. மீட்டிங் நடக்கும்போதே திரையில் எல்லோரும் பார்க்கத் தட்டச்ச வேண்டும். மாலையில் ஒருவர் நினைவிலிருந்து எழுதி அனுப்பினால், அது நான்காவது வடிவம் ஆகிவிடும்.

மறுப்பைச் சொல்லப் படிகள் வேண்டும், இதை ஒத்திகை பார்க்க வேண்டும். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையத்தில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று, புறப்பட ஓடத் தொடங்கிய விமானத்தின் விமானி அறையிலிருந்த பொறியாளர் சந்தேகத்தோடு கேட்டார். கேப்டன் விலகிவிட்டது என்றார், பேச்சு அங்கேயே முடிந்தது. அந்த விபத்துக்குப் பிறகுதான் ரேடியோ பேச்சில் அனுமதியைச் 'சரி' என்று மட்டும் சொல்லாமல் முழுதாகத் திரும்பச் சொல்லும் வழக்கம் இறுகியது. இளையவர் தன் சந்தேகத்தைப் படிப்படியாக அழுத்திச் சொல்லவும், மூத்தவர் அதைக் காதில் வாங்கவும் பயிற்சி கொடுப்பதும் விமானத் துறையில் பரவியது. அலுவலகத்துக்கு மூன்று படி போதும். முதலில் கேள்வி: "சரக்கு வரும் தேதி உறுதியா?" அடுத்து காரணத்தோடு கவலை: "போன இரண்டு தடவையும் தாமதமானது, அதனால் இந்தத் தேதி எனக்குச் சரியாகப் படவில்லை." மூன்றாவது வேண்டுகோள்: "வெண்டரிடம் பேசும்வரை இதை முடிவாக எழுத வேண்டாம்." மூன்றாம் படியைக் கேட்டால் தலைவர் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்பது டீமின் பொது ஒப்பந்தமாக இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பெயரில்லாத 360 பாகைக் கருத்துக் கணிப்பு (ஒருவரைப் பற்றி மேலே, கீழே, சமநிலையில் உள்ளவர்கள் எல்லோரிடமும் கேட்பது) நடத்த யாராவது யோசனை சொல்வார்கள். ஏழு பேரில் அது பெயரில்லாததாக இருக்காது, நடையைப் பார்த்தே யார் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு பிரிவில் மூன்று பேருக்குக் குறைவாகப் பதில் வந்தால் அதைத் தனியாகக் காட்டவே கூடாது. எழுத்துக் கருத்துகளை அப்படியே ஒட்டாமல் கோச் சுருக்கித் தர வேண்டும்.

---

சொல்லாய்வு கண்மணி:

அந்த 7 சதவீதக் கணக்கைப் பற்றி மட்டும். அதை உங்கள் நிறுவனத்திலிருந்து அகற்றாமல் எந்தக் கோச்சிங்கும் நிற்காது, ஏனென்றால் "என்ன சொல்கிறோம் என்பது முக்கியமில்லை" என்று அது கற்றுக்கொடுத்துவிட்டது.

7 (சொல்), 38 (குரல்), 55 (முகம்) என்ற எண்கள் 1967இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் வெளியிட்ட இரண்டு சோதனைகளைச் சேர்த்துப் பெறப்பட்டவை. அவற்றில் பேசப்பட்டவை தனிச் சொற்கள். ஒருவர் தன்னிடம் விருப்பத்தோடு பேசுகிறாரா, வெறுப்போடு பேசுகிறாரா என்பதைக் கேட்பவரோ பார்ப்பவரோ எதை வைத்து ஊகிக்கிறார் என்பதே கேள்வி. சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது மட்டும் பொருந்தும் கணக்கு அது. உணர்ச்சி, மனப்பாங்கு தவிர்த்த பேச்சுக்கு இது பொருந்தாது என்று மெஹ்ராபியனே விளக்கியிருக்கிறார். டெலிவரி தேதியும் பட்ஜெட் தொகையும் முகபாவத்தால் போய்ச் சேராது.

குரலும் முகமும் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. "தாராளமாகக் கேளுங்கள்" என்று சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தால் மக்கள் கடிகாரத்தைத்தான் நம்புவார்கள். ஆய்வு சொன்னது அவ்வளவுதான்.

---

எழுத்துவழி நாகமணி:

மீட்டிங் பற்றி நிறையச் சொல்லியாகிவிட்டது. 240 பேர் உள்ள இடத்தில் பாதிப் பேச்சு மெயிலிலும் சாட்டிலும்தான் நடக்கும், அதற்கும் கோச்சிங் வேண்டும்.

எட்டுப் பேரும் கடந்த மாதம் அனுப்பியவற்றில் ஆளுக்கு ஐந்து மெயிலை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் 'படிப்பவர் என்ன செய்ய வேண்டும்' என்ற வாக்கியத்துக்குக் கோடு போடச் சொல்லுங்கள். பலவற்றில் அது கடைசிப் பத்தியில் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. அதைத் தூக்கி முதல் வரியில் வைப்பதுதான் முதல் பாடம். "ஒப்புதல் தேவை, வெள்ளி மாலை 5 மணிக்குள்" என்பது தலைப்பு வரியிலேயே இருக்கலாம். ஒரு மெயிலில் ஒரே கோரிக்கை. மூன்று இருந்தால் மூன்றாவதற்குப் பதில் வராது.

பிரச்சினையை மேலே தெரிவிக்க நான்கு வரி அச்சு வைத்துக்கொள்ளுங்கள்: இப்போது நிலைமை என்ன, இதற்குப் பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, நான் கேட்பது என்ன. அமெரிக்கக் கடற்படையில் உருவாகி மருத்துவமனைகளில் பரவிய முறை இது. செவிலியர் டாக்டருக்கு நள்ளிரவில் போன் செய்யும்போது எதையும் விடாமல் சொல்ல வைக்கிறது. மூன்றாவது வரிதான் இதன் உயிர். வெறும் தகவலைக் கொட்டிவிட்டு முடிவை மேலே தள்ளாமல், கீழே இருப்பவர் தன் கணிப்பைச் சொல்லியாக வேண்டும். கெட்ட செய்தி கடைசி நாளில் வருவதாக எழுதியிருந்தீர்கள். இந்த நான்கு வரியை "தேதி தவறும் என்று முதல் சந்தேகம் வந்த அன்றே" அனுப்ப வேண்டும் என்று விதி வையுங்கள். வந்த முதல் கெட்ட செய்திக்கு ஹெட்டின் பதில் "சொன்னதற்கு நன்றி, என்ன உதவி வேண்டும்?" என்றே தொடங்க வேண்டும். அங்கே ஒரு தடவை சீறினால், அடுத்த செய்தி மறுபடி கடைசி நாளில்தான் வரும்.

எதை எங்கே சொல்வது என்பதையும் டீமே ஒரு பக்கத்தில் எழுதட்டும். குறை சொல்வது நேரில் அல்லது போனில், ஒருபோதும் குழுச் சாட்டில் இல்லை. சாட்டில் ஒரே விஷயம் மூன்று தடவை போய் வந்தும் முடியவில்லையென்றால் போனை எடுக்க வேண்டும். போனில் முடிவானதைச் சாட்டில் ஒரு வரி எழுத வேண்டும்.

திங்கட்கிழமை முடிவு புதனுக்குள் மாறுவதற்கு நேரடி மருந்து: மீட்டிங் கலையும் முன், கீழே சொல்ல வேண்டிய ஐந்து வாக்கியங்களை ஒன்றாக எழுதிவிடுவது. என்ன மாறுகிறது, ஏன், யாருக்கு, எப்போதிலிருந்து, இன்னும் முடிவாகாதது எது. ஐந்தாவதை விட்டால் அந்த இடத்தை வதந்தி நிரப்பும். 48 மணி நேரத்துக்குள் ஏழு பேரும் தங்கள் டீமிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு நீங்கள் வெவ்வேறு துறையில் கடைநிலையில் உள்ள மூன்று பேரிடம் "உங்கள் வேலையில் என்ன மாறுகிறது?" என்று கேளுங்கள். இது ஆளைப் பிடிக்கும் சோதனை அல்ல என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

---

பயிற்சிப்பிரிவு மதி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தாள் முறையிலிருந்தே தொடங்கப் போகிறேன். இரண்டு சந்தேகம். ஒன்று, "என் மீட்டிங்கில் வெளியாள் உட்காருவதா?" என்று ஹெட் தயங்குகிறார். அதற்குப் பதில் ரெக்கார்டு செய்து, யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று மென்பொருள் கணக்குப் போட்டால் போதாதா என்கிறார். இரண்டாவது, கோச்சை எப்படித் தேர்ந்தெடுப்பது? எட்டுப் பேருக்கும் ஒருவரே போதுமா?

---

கோச் இளவேனில்:

பரிதி சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். இரண்டையும் சேர்த்தே தொடங்குங்கள்.

மென்பொருள் பற்றி: அறையில் உள்ள ஒவ்வொருவரும் சம்மதித்தால் மட்டும் ரெக்கார்டு செய்யலாம். ஹெட் சம்மதித்தால் மற்றவர்கள் மறுக்க மாட்டார்கள், அதுதான் அதிலுள்ள ஆபத்து. ரெக்கார்டு ஓடுகிறது என்று தெரிந்தால் மூன்றாம் கேள்விக்கான விஷயங்கள் இன்னும் உள்ளே போய்விடும். பேசிய நிமிடக் கணக்கும் தனியாக ஒன்றும் சொல்லாது. நெருக்கடி மீட்டிங்கில் தலைவர் அதிகம் பேசுவது சரியாகவே இருக்கலாம். கேள்வி எத்தனை, வெட்டியது எத்தனை, பெயர் தேதியோடு முடிவு எத்தனை என்பதையே எண்ணுங்கள்.

தயக்கத்துக்கு வழி: ஒரே ஒரு மீட்டிங், தேர்ந்தெடுப்பது அவர். முடிந்ததும் தாள் அவரிடமே போகும், உங்களுக்குக் கூட வராது. அதன்பிறகு தொடர்வதா வேண்டாமா என்று அவரே சொல்லட்டும். அதற்கும் சம்மதம் வராவிட்டால் கோச்சிங்கைத் தொடங்காதீர்கள். மேலிருந்து தண்டனையாக வந்தது என்று நினைப்பவர் செஷனுக்கு வருவார், தலையாட்டுவார், போய்விடுவார்.

ஃபீட்பேக் என்றாலே நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1996இல் க்ளூகரும் டெனிசியும் பழைய ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் ஃபீட்பேக்குக்குப் பின் செயல்பாடு குறைந்திருந்தது. கவனம் வேலையிலிருந்து நகர்ந்து 'நான் எப்படிப்பட்டவன்' என்பதற்குப் போனால் இப்படி ஆகிறது என்பது அவர்கள் விளக்கம். "நீங்கள் கடுமையானவர்" என்ற வகைப் பேச்சு செஷனில் வேண்டவே வேண்டாம்.

கோச் தேர்வுக்கு: சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பான ஐசிஎஃப் சான்றிதழில் மூன்று நிலை உண்டு. முதல் நிலையான ஏசிசிக்கு 100 மணி நேரமும், பிசிசிக்கு 500, எம்சிசிக்கு 2,500 மணி நேரமும் கோச்சிங் அனுபவம் வேண்டும். உங்கள் வேலைக்கு பிசிசி இருந்தால் நல்லது. ஆனால் அது தனிநபர் கோச்சிங்குக்கான அளவு. நிஜ மீட்டிங்கைப் பார்த்து ஃபீட்பேக் சொன்ன பழக்கம் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். நேர்காணலிலேயே 15 நிமிடம் உங்களை ஒருமுறை கோச் செய்யச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் அறிவுரை தொடங்கினால் வேறு ஆள் பாருங்கள்.

ஒருவரே போதுமா என்றால், வேண்டாம். ஹெட்டுக்கு ஒருவர், டீம் செஷனுக்கு இன்னொருவர். ஒரே ஆள் என்றால் இங்கே கேட்டது அங்கே போகும் என்ற சந்தேகம் முதல் வாரமே வந்துவிடும்.

---

குழுநெறியாளர் பரிதி:

அளவீடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொடக்கத்தில், 8ஆம் வாரம், 16ஆம் வாரம், முடிந்து மூன்று மாதம் கழித்து என நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் அதே மூன்று கேள்வித் தாள், அதே வகை மீட்டிங். கூடவே பதிவேட்டிலிருந்து இரண்டு எண்: முடிவெடுத்தபின் மறுபடி திறக்கப்பட்டவை எத்தனை, தேதி தவறும் என்ற முதல் எச்சரிக்கைக்கும் அந்தத் தேதிக்கும் நடுவே எத்தனை நாள். இந்த இரண்டாவது எண் கூடிக்கொண்டே போக வேண்டும்.

8ஆம் வார அளவு பார்த்துப் பதறாதீர்கள். பிரச்சினைகளின் எண்ணிக்கை ஏறியிருக்கும். 1996இல் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் நல்ல உறவும் உள்ள பிரிவுகளில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகள் மறைக்கப்படாமல் வெளியே சொல்லப்பட்டதே அதற்குக் காரணம் என்று விளக்கினார். ஹெட்டுக்கு மேலே உள்ளவரிடம் இதை ஒப்பந்தக் கூட்டத்திலேயே சொல்லி, "இரண்டாம் மாதம் புகார் கூடும், அதை வைத்து நிறுத்த மாட்டோம்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 8ஆம் வாரத்தில் போய் விளக்கினால் சாக்குப்போக்காகத்தான் தெரியும்.